வட்டி ஒன்றுதான், வரிசைதான் வேறு

மட்டக்களப்பின் கல்லடியில் ஒரே ஒழுங்கைக்குள் மூன்று விதமான முதுமையைப் பார்க்கலாம். அரசாங்கப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்து ஓய்வுபெற்ற ஆசிரியைக்கு மாதம் பிறந்தால் ஓய்வூதியம் வந்துவிடும். ஹோட்டலிலோ தனியார் நிறுவனத்திலோ வேலைசெய்தவருக்கு ஊழியர் சேமலாப நிதி ஒரே தரமாகக் கைக்கு வரும். கடலுக்கும் வாவிக்கும் போய்வந்தவருக்குப் பெரும்பாலும் பிள்ளைகளும் கொஞ்சம் பவுணும் ஒரு துண்டுக் காணியும்தான். மீனவர்களுக்கென்று 1990இல் ஓய்வூதியச் சட்டமொன்று வந்தது உண்மை. அதை நம்பி வலையைச் சுருட்டி வைத்தவரைக் காண்பதுதான் அரிது.

இந்த மூவரில் கணக்கு மிகக் கடினமாக இருப்பது நடுவில் நிற்பவருக்கு. ஆசிரியை எண்பது வயது வாழ்ந்தாலும் தொண்ணூறு வாழ்ந்தாலும் அது திறைசேரியின் கவலை. சேமலாப நிதியை வாங்கியவரோ தன் ஆயுளையும் கடைத்தெரு விலையையும் தானே ஊகித்தாக வேண்டும். கையில் இருக்கிற காசு வளர்ந்து கடைசிவரை காணுமா என்ற கேள்விக்கு வங்கிக் கிளையில் கிடைக்கும் விடை பெரும்பாலும் வட்டி வீதமாகவே இருக்கிறது. அந்த விடை பாதிதான்.

முதலில் நிதி எப்படிச் சேர்கிறது என்று பார்ப்போம். 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டப்படி ஊழியரின் சம்பளத்தில் 8 சதவீதம் கழிக்கப்படும். தொழில்தருநர் 12 சதவீதம் போடுவார். ஆக 20 சதவீதம். இதற்குப் புறம்பாக ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு 3 சதவீதம், அதுவும் தொழில்தருநர் தருவது. சேமலாப நிதிப் பணத்தை முதலிடுவது மத்திய வங்கி. ஆண்கள் 55 வயதிலும் பெண்கள் 50 வயதிலும் அதை எடுக்கலாம். 2021இல் தனியார் துறையின் ஓய்வு வயதை 60 ஆக்கிச் சட்டம் வந்த பிறகும் எடுக்கும் வயது அப்படியேதான் இருக்கிறது.

சம்பளம் விலைவாசியோடு சேர்ந்து ஏறுகிறது, நிதியின் வட்டி விலைவாசியை 3 சதவீதத்தால் முந்துகிறது என்று வைத்துக்கொள்வோம். 20 வயதில் வேலைக்குச் சேர்ந்து 35 வருடம் கட்டியவரிடம் 12 வருடச் சம்பளத்துக்குச் சமமான தொகை சேர்ந்திருக்கும். 35 வயதில் சேர்ந்து 20 வருடம் கட்டியவரிடம் ஐந்தரை வருடச் சம்பளம்கூட இராது. கட்டிய காலம் பாதிக்குச் சற்று மேல். சேர்ந்த தொகையோ பாதிக்கும் கீழ். போரால் வேலைவாய்ப்பே இல்லாமல் இளமையைக் கழித்த ஒரு தலைமுறைக்கு மட்டக்களப்பில் இந்தக் கணக்கு கசக்கத்தான் செய்யும். வீடு கட்டவோ வைத்தியச் செலவுக்கோ 30 சதவீதம் வரை முன்கூட்டி எடுப்பவர்களும் நாற்பது வயதில் எடுத்த ஒரு இலட்சம் ஐம்பத்தைந்தில் எவ்வளவாகியிருக்கும் என்று பார்ப்பதில்லை. மேலே சொன்ன 3 சதவீதத்திலேயே அது, விலையேற்றத்தைக் கழித்த பிறகும், ஒன்றரை இலட்சத்தைத் தாண்டியிருக்கும்.

இப்போது நடந்த கதைக்கு வருவோம். சேமலாப நிதி 2022இல் 9 சதவீதம் வட்டி கொடுத்தது. 2023இல் 13, 2024இல் 11. கணக்குக் கூற்றைப் பார்ப்பவருக்கு 100 ரூபாய் மூன்று வருடத்தில் 137 ரூபாயாகி இருக்கும். நல்ல வளர்ச்சிதான். ஆனால் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின் வருடாந்தச் சராசரி 2022இல் 46.4 சதவீதமும் 2023இல் 17.4 சதவீதமும் 2024இல் 1.2 சதவீதமும் ஏறியது. 100 ரூபாய்ச் சாமான் 174 ரூபாய். 137ஐ 174ஆல் வகுத்தால் 0.79 வரும். கூற்றில் வளர்ந்த பணம் கடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் தேய்ந்திருக்கிறது. விலைவாசியை வருடம் 4 சதவீதத்தால் முந்தினாலும் அந்த இழப்பை மீட்க ஆறு வருடம் ஆகும்.

இதுவரைக்கும் பலருக்குத் தெரிந்த கதை. வியப்பு இனிமேல்தான்.

அந்த மூன்று வருடங்களை வட்டியை விலையேற்றத்தால் வகுத்து உண்மை மதிப்பில் எழுதினால் இப்படி வரும்: முதல் வருடம் 25.5 சதவீதம் இறக்கம், அடுத்தது 3.7 சதவீதம் இறக்கம், மூன்றாவது 9.7 சதவீதம் ஏற்றம். ஒரு கணக்குக்காக இரண்டு பேரை நினைத்துக்கொள்வோம். ஓய்வுபெறும்போது இருவரிடமும் 60 இலட்சம். இருவரும் வருடத் தொடக்கத்தில் 3 இலட்சம் எடுக்கிறார்கள். மாதம் 25,000 ரூபாய், எப்போதும் இன்றைய மதிப்பில். இருபது வருடத்தில் பதினேழு வருடம் இருவருக்கும் விலையேற்றம் போக 3 சதவீதம் வளர்ச்சி. மிச்ச மூன்றும் மேலே சொன்ன அதே மூன்று வருடங்கள். ஒரே வித்தியாசம்: முதலாமவருக்கு அவை ஓய்வின் தொடக்கத்தில் வருகின்றன, இரண்டாமவருக்குக் கடைசியில்.

இருபது வருடம் முடியும்போது இரண்டாமவரிடம் இன்றைய மதிப்பில் 16 இலட்சத்துக்கு மேல் மிஞ்சியிருக்கும். முதலாமவருக்குப் பத்தொன்பதாவது வருடமே பணம் போதாது. இருபதாவது வருடத்துக்கு ஒரு சதமும் இல்லை. வட்டி ஒன்றுதான், விலையேற்றம் ஒன்றுதான், எடுத்த தொகையும் ஒன்றுதான்.

இருவரும் ஒரு சதமும் எடுக்காமல் விட்டிருந்தால்? இருவரிடமும் சரியாக ஒரே தொகை, கிட்டத்தட்ட 78 இலட்சம். பெருக்கலில் எண்களை எந்த வரிசையில் போட்டாலும் விடை மாறாது என்று ஐந்தாம் வகுப்பிலேயே படிக்கிறோம். நடுவில் கழித்தல் நுழைந்ததும் அந்த விதி போய்விடுகிறது. முதலாமவர் குறைந்துபோன தொகையிலிருந்தும் அதே 3 இலட்சத்தை எடுக்க வேண்டியிருந்தது. அப்படி எடுத்த காசு பிறகு வந்த நல்ல வருடங்களில் வளர அங்கே இல்லை.

சேர்த்துக்கொண்டிருப்பவருக்கு இது நேர்மாறு. 2022 ஓர் இருபத்தைந்து வயதுக்காரரின் சேமலாப நிதியை அதிகம் அடிக்கவில்லை, ஏனெனில் அடிபட அதில் பெரிதாக ஒன்றும் இருந்திருக்காது. ஐம்பத்துநாலு வயதுக்காரரின் வாழ்நாள் உழைப்பு முழுவதும் அன்று அங்கே நின்றது. ஓய்வுக்கு முன்னும் பின்னுமாக உள்ள ஐந்தைந்து வருடங்களே ஆபத்தானவை என்று நிதி ஆலோசகர்கள் சொல்வது இதனால்தான்.

அமெரிக்காவில் வில்லியம் பெங்கன் என்ற நிதி ஆலோசகர் 1994இல் இதையே வேறு வழியில் கண்டார். 1926 முதலான பங்கு, கடன்பத்திர வருமானங்களை எடுத்து, ஒவ்வொரு வருடமும் ஓய்வுபெற்ற ஒருவரின் பணம் எத்தனை வருடம் தாங்கியிருக்கும் என்று கணக்கிட்டார். முதல் வருடம் 4 சதவீதம் எடுத்து, பிறகு விலைவாசிக்கேற்பக் கூட்டிக்கொண்டு போனால் முப்பது வருடம் தாங்கும் என்பது அவர் முடிவு. அதிகம் அடிவாங்கியவர்கள் 1929 பெருமந்தத்தில் ஓய்வுபெற்றவர்கள் அல்லர். 1960களின் பிற்பகுதியில் ஓய்வுபெற்று 1970களின் விலையேற்றத்தில் மாட்டியவர்கள். பங்குச்சந்தை விழுந்தால் மறுபடி எழும்பலாம், ஏறிய விலை பெரும்பாலும் இறங்குவதில்லை.

அந்த 4 சதவீதத்தை அப்படியே கல்லடிக்குக் கொண்டுவர முடியாது. அது பாதியாவது அமெரிக்கப் பங்குகளை வைத்துப் போட்ட கணக்கு. நமது சேமலாப நிதியில் பெரும்பகுதி அரசாங்கப் பிணைமுறி. 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அரசாங்கம் அறிவித்தது. 2023இல் உள்நாட்டுக் கடனை மறுசீரமைத்தபோது, 12 சதவீத வட்டியில் தொடங்கிப் பின்னர் 9க்கு இறங்கும் நீண்டகாலப் பிணைமுறிகளாக நிதியின் கையிருப்பில் பெரும்பகுதி மாற்றப்பட்டது. மத்திய வங்கியின் பணவீக்க இலக்கு 5 சதவீதம். 9இல் 5ஐச் சரிக்கட்டினால் மிஞ்சுவது ஏறத்தாழ 3.8. இலக்கு நிலைத்தால் இது பரவாயில்லாத வருமானம்தான். நிலைக்குமா என்பதில் 2022ஐக் கண்ட எவருக்கும் முழு நம்பிக்கை வராது. என்னைக் கேட்டால் 2 சதவீதத்தை வைத்துக் கணக்குப் போடுவேன். கூட வந்தால் இலாபம்.

நிலையான வைப்பிலும் திறைசேரி உண்டியலிலும் வீதம் நிலைக்காது என்ற இதே பொறி உண்டு. 2022 கடைசியில் ஒரு வருடத் திறைசேரி உண்டியலின் வருமானம் 30 சதவீதத்தை நெருங்கியது. 2024 கடைசியில் 9க்குச் சற்றுக் கீழே. முந்திய வீதத்தைப் பார்த்து மாதச் செலவை அமைத்தவரின் வருமானம் இரண்டு வருடத்தில் மூன்றிலொன்றுக்கு வந்துவிட்டது. பவுண் விலையேற்றத்துக்குத் தாக்குப்பிடிக்கும். ஆனால் வட்டி தராது; வீட்டில் வைத்தால் பாதுகாப்பும் இல்லை. 2004 சுனாமியில் கல்லடிக் கரையோரக் குடும்பங்கள் உயிர்களோடு வீட்டிலிருந்த பவுணையும் பறிகொடுத்தன.

ஓய்வை எட்டிக்கொண்டிருப்பவர் செய்யக்கூடியது சொற்பமே, ஆனால் பயனுள்ளது. முதல் இரண்டு மூன்று வருடச் செலவை மூன்று மாத, ஆறு மாத வைப்புகளில் தனியாக வைக்கலாம். விலையேறும்போது அவை புதிய வட்டிக்கு விரைவில் மாறும். விலைகள் பாய்ந்த வருடத்தில் எடுக்கும் தொகையைக் கொஞ்சம் அடக்கலாம். நமது கணக்கின் முதலாமவர் அந்த மூன்று வருடம் மட்டும் மாதம் 20,000இல் சமாளித்திருந்தால் இருபதாவது வருடத்துக்கு ஓரளவாவது மிஞ்சியிருக்கும். 55இலேயே எடுக்காமல் 60வரை வேலைசெய்தால் ஐந்து வருடப் பங்களிப்பு கூடும், ஐந்து வருடச் செலவு குறையும்.

இவை எல்லாவற்றுக்கும் முன் ஒரு வேலை இருக்கிறது. உங்கள் சேமலாப நிதிக் கணக்குக் கூற்றை எடுத்து, சம்பளத்தில் கழித்த 8 சதவீதமும் தொழில்தருநரின் 12 சதவீதமும் மாதாமாதம் உண்மையில் வரவு வைக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். விடுபட்டிருந்தால் தொழில் திணைக்களத்தில் முறையிடலாம். அதை வசூலிக்கும் அதிகாரம் தொழில் ஆணையாளருக்கு உண்டு.