400 டாலர் சினிமா கம்பெனி!



ஒரு சினிமா கம்பெனி தொடங்க என்னென்ன வேண்டும் என்று கேட்டால், 'நடிகர், நடிகை, ஸ்டூடியோ, கோடி கோடியாய்ப் பணம்...' என்று அடுக்குவீர்கள். இவற்றில் ஒன்றுகூட இல்லாமல் ஒருவர் கம்பெனி தொடங்கினார். படம் பிடித்தவர், வெட்டி ஒட்டியவர், மேடையில் கதை சொன்னவர் எல்லாம் அவர் ஒருவரே! அவர் பெயர் வாரன் மில்லர். அமெரிக்காவைச் சேர்ந்தவர். அவர் எடுத்தவை, பனிச்சறுக்குப் படங்கள்.

பனிச்சறுக்கு தெரியும்தானே? இரண்டு கால்களிலும் நீளமான பட்டைகளை மாட்டிக்கொண்டு, கைகளில் கோல்களைப் பிடித்தபடி, பனி மூடிய மலைச்சரிவில் 'சர்'ரென்று வழுக்கி இறங்கும் விளையாட்டு. ஆங்கிலத்தில் 'ஸ்கீயிங்' என்பார்கள்.

தக்காளி சூப் ரகசியம்!

வாரன் மில்லர் 1924ல் ஹாலிவுட்டில் பிறந்தார். 12 வயதில், 39 சென்ட் கொடுத்து ஒரு சின்ன கேமரா வாங்கினார். 100 சென்ட் சேர்ந்தால்தான் ஒரு டாலர். அப்படியானால் அது எவ்வளவு மலிவான கேமரா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் உலகப்போரில் கடற்படையில் வேலை செய்தார். 1946ல் அதிலிருந்து விடுபட்டதும், 8 மி.மீ. சினிமா கேமரா ஒன்றை வாங்கிக்கொண்டு, வார்டு பேக்கர் என்ற நண்பருடன் ஐடஹோ மாநிலத்தின் 'சன் வேலி' மலைக்குப் போனார். உலகிலேயே முதன்முதலாக, 1936ல், மலை ஏற நாற்காலி லிஃப்ட் அமைத்த இடம் அது. பணக்காரர்கள் வந்து தங்கும் ஊர்.

விடுதியில் தங்க இவர்களிடம் காசு இல்லை. காருக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் சின்னஞ்சிறு டிரெய்லர் வண்டிதான் வீடு. படுக்கலாம், உள்ளே நிமிர்ந்து நிற்க முடியாது. அதைக் கார் நிறுத்தும் இடத்தில் நிறுத்திக்கொண்டு, குளிர்காலம் முழுவதையும் கழித்தார்கள். சாப்பாடு? உணவகத்தில் இலவசமாக வைத்திருக்கும் தக்காளி சாஸை வெந்நீரில் கரைத்தால் சூப் தயார்!

ஒருவர் சறுக்கும்போது மற்றவர் படம் பிடிப்பார். பிறகு அதைப் போட்டுப் பார்த்து, எங்கே தவறு என்று கண்டுபிடிப்பார்கள். திருத்திய விடைத்தாளைப் பார்த்து நீங்கள் தப்பைச் சரிசெய்துகொள்வீர்களே, அதே மாதிரிதான்.

அந்தப் படங்களை நண்பர்களுக்கும் போட்டுக் காட்டினார் வாரன். ஊமைப் படம் ஆயிற்றே! அதனால், படம் ஓட ஓட இவரே பக்கத்தில் நின்று வேடிக்கையாகப் பேசினார். யாராவது குப்புற விழும் காட்சி வந்தால் போதும், வீடே சிரிக்கும். 'நம் பேச்சுக்கு இவ்வளவு மதிப்பா!' என்று அவருக்கே அப்போதுதான் தெரிந்தது.

நாலு பேர் தந்த கடன்

1949ல், நான்கு நண்பர்களிடம் தலைக்கு 100 டாலர் கடன் வாங்கினார். மொத்தம் 400 டாலர். அதுதான் முதலீடு. கலிபோர்னியாவில் அப்போது புதிதாகத் திறந்திருந்த 'ஸ்குவா வேலி' மலையில் பனிச்சறுக்கு ஆசிரியராக வேலை பார்த்துக்கொண்டே படம் பிடித்தார்.

குட்டீஸ், இங்கே ஒரு கணக்கு. 16 மி.மீ. பிலிமில், ஒரு அடிக்கு 40 படங்கள். 100 அடிச் சுருளில் 4,000 படங்கள். ஒரு நொடிக்கு 24 படங்கள் ஓட வேண்டும். அப்படியானால், ஒரு சுருள் எத்தனை நிமிடம் ஓடும்? மூன்று நிமிடம்கூட ஓடாது! ஒன்றரை மணி நேரப் படத்துக்கு, ஒரு அடிகூட வீணாக்காமல் எடுத்தாலே 33 சுருள் வேண்டும்.

இன்று செல்போனில் படம் சரியில்லை என்றால் அழித்துவிட்டு மறுபடி எடுக்கிறோம். பிலிமில் அது நடக்காது. ஆய்வகத்தில் கழுவிய பிறகுதான் படம் விழுந்ததா, இல்லையா என்றே தெரியும். 'இன்னொரு முறை சறுக்கிக் காட்டு' என்று கேட்பதும் கஷ்டம். புதுப்பனியில் ஒரு தடவை தடம் விழுந்துவிட்டால், மறுபடி பனி பெய்யும் வரை அந்த அழகு திரும்பாது. கடன் வாங்கிய காசு ஒவ்வொரு அடியிலும் கரைகிறது என்றால், கை எவ்வளவு கவனமாக இருந்திருக்க வேண்டும்!

முதல் படம் 'டீப் அண்டு லைட்' 1950ல் வெளிவந்தது.

குறையே பலமானது!

படத்தோடு சேர்த்துக் குரல் பதிவு செய்ய அப்போது அவரிடம் வசதி இல்லை. வாரன் அதற்காகக் காத்திருக்கவில்லை. பிலிம் சுருளோடு ஊர் ஊராகப் போய், அரங்கத்தை வாடகைக்குப் பிடித்து, மைக் முன் நின்று நேரிலேயே பேசினார். அரங்கம் நிறையாவிட்டால் நஷ்டம் அவருக்கே. ஆனாலும் மக்கள் வந்தார்கள். படத்தைப் பார்க்க மட்டுமல்ல. அவர் பேச்சைக் கேட்கவும்தான்.

குளிர்காலத்தில் படப்பிடிப்பு, பிறகு வெட்டி ஒட்டும் வேலை, இலையுதிர் காலத்தில் ஊர் ஊராகக் காட்சி. ஆண்டுதோறும் இதே சக்கரம். பனி விழும் முன் அவர் படம் வந்துவிடும். 'வாரன் மில்லர் படம் வந்தாச்சா? அப்போ பனிக்காலம் வந்தாச்சு' என்று சொல்லும் அளவுக்கு, அது ஒரு திருவிழாவாகவே ஆகிவிட்டது. ஒரே ஆண்டில் நூற்றுக்கும் மேற்பட்ட ஊர்களில் நின்று பேசியிருக்கிறார். வீட்டில் இருந்த நாட்களைவிட வழியில் கழித்த நாட்களே அதிகமாகிப்போன ஆண்டுகளும் உண்டு.

கம்பெனி மெல்ல மெல்ல வளர்ந்தது. மற்ற கேமராக்காரர்கள் சேர்ந்தார்கள். அவரது குரலைப் படத்திலேயே பதிவு செய்தார்கள். அதனால் ஒரே நேரத்தில் பல ஊர்களில் படம் ஓட முடிந்தது. ஸ்விட்சர்லாந்து, நியூசிலாந்து என்று வேறு நாட்டு மலைகளும் திரையில் வந்தன. 1980களின் கடைசியில் கம்பெனியைத் தன் மகனிடம் விற்றார். பின்னர் அது பெரிய நிறுவனங்களின் கைக்குப் போனது. வாரன் 2018ல், தம் 93ம் வயதில் காலமானார்.

ஹாலிவுட்டில் பிறந்தவர்தான். ஆனால், எந்த ஸ்டூடியோவும் அழைக்கட்டும் என்று அவர் உட்கார்ந்திருக்கவில்லை. கையில் இருந்த கேமராவும் வாயில் இருந்த பேச்சும் போதும் என்று கிளம்பிவிட்டார். தன் ரசிகர்களிடம் அவர் அடிக்கடி சொன்னது இது: இந்த ஆண்டு செய்யாவிட்டால், செய்யும்போது உங்களுக்கு ஒரு வயது கூடியிருக்கும்!

செய்து பாருங்கள்!

பழைய நோட்டுப் புத்தகத்தை எடுங்கள். 24 பக்கங்களின் ஓரத்தில், ஒரு பொம்மை மலையிலிருந்து சறுக்கி இறங்குவதைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி வரையுங்கள். கட்டைவிரலால் வேகமாகப் புரட்டுங்கள். பொம்மை சறுக்கும்! 24 பக்கம் வரைந்தும், அது ஒரு நொடி சினிமாதான். ஒன்றரை மணி நேரத்துக்கு எத்தனை பக்கம் வேண்டும்? கணக்குப் போட்டு, உங்கள் ஆசிரியரிடம் காட்டுங்கள்!