முழுக்கும் எழுச்சியும்: ஞானஸ்நானத்தின் ஆன்மிகப் பொருள் பற்றிச் சில குறிப்புகள்

ஊர்காவற்றுறையை அடுத்த சுருவில் முதலிய தீவகக் கிராமங்களின் கத்தோலிக்கக் குடும்பங்களிற் குழந்தை பிறந்தால், ஞானத்தந்தையும் ஞானத்தாயும் உடன்வரப் பெற்றோர் அதனைக் கோயிலுக்குக் கொண்டுசெல்வர். குருவானவர் தந்தை, மகன், தூய ஆவி எனும் மூவர் பெயராலும் மும்முறை நீர் வார்ப்பர். குழந்தையின் பெயர் பதிவேட்டில் ஏறும். இச்சிறு சடங்கு உணர்த்தும் பொருள் யாது? இறையியலாளர் அதன் உட்பொருளைக் கூறி அமைவர். சமூக வரலாற்றாசிரியர் அதன் உலகியற் பயனைக் கூறி அமைவர். இரண்டையும் இணைத்து நோக்கினாலன்றி உண்மை புலப்படாது என்பது எமது துணிபு.

முதலில் உட்பொருளை நோக்குவோம். ஞானஸ்நானத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லின் அடிப்படைப் பொருள் முழுக்குதல் என்பதாகும். இன்று பெருவழக்கிலுள்ள ‘திருமுழுக்கு’ என்னும் தமிழ்ச்சொல் அதனைச் செவ்விதின் உணர்த்துகின்றது. உரோமையருக்கு எழுதிய திருமுகத்திற் பவுலடிகளார் இம்முழுக்கைக் கிறிஸ்துவின் மரணத்தோடும் அடக்கத்தோடும், எழுதலை அவரது உயிர்ப்போடும் ஒப்பவைத்து விளக்குவர். எனவே இது அழுக்கைக் கழுவுதல் மட்டுமன்று. பழைய மனிதன் இறந்து புதியவன் பிறத்தலாகும். சங்கு குளிப்போரை அறிந்த கடற்கரை மக்களுக்கு இக்கருத்து அந்நியமானதன்று. மூச்சடக்கி மூழ்குபவன் மீள்வான் என்பதற்கு உறுதி ஏதுமில்லை. மேலே வந்து இழுக்கும் முதல் மூச்சு மறுபிறப்பே.

இப்புதுப்பிறப்பு தனிமனிதனோடு அமைவதன்று. கலாத்தியருக்கு எழுதிய திருமுகம், கிறிஸ்துவுக்குள் முழுக்குப் பெற்றோரிடையே யூதர் – கிரேக்கர், அடிமை – உரிமைக்குடி, ஆண் – பெண் என்ற வேறுபாடுகளைக் கடந்த ஒருமையை வலியுறுத்துகின்றது. அடிமை உழைப்பில் நிலைபெற்றிருந்த உரோமப் பேரரசில் இஃது எளிய கூற்றன்று.

ஆயின் வரலாற்றில் இந்நீரை அதிகாரமும் கையாண்டது. 1530களிற் பாண்டியக் கடற்கரைப் பரதவர் பெருந்தொகையாக ஞானஸ்நானம் பெற்றமைக்கு, முத்துக்குளிப்பிற் போட்டியாளரிடமிருந்து போர்த்துக்கேயரின் பாதுகாப்பைப் பெறும் தேவை முக்கிய காரணமாயிற்று. 1544ஆம் ஆண்டு மன்னாரில் மதம் மாறிய சில நூற்றுவர் யாழ்ப்பாண மன்னன் சங்கிலியின் ஆணையாற் கொல்லப்பட்டனர். ஞானஸ்நானத்தை மன்னன் குடிகளின் விசுவாசம் அந்நியருக்குக் கைமாறும் செயலாகவே கண்டான் என்று கொள்ள இடமுண்டு.

1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், சுருவில் அமைந்த தீவுக்கு லைடன் எனத் தம் நாட்டு நகரொன்றன் பெயரையே சூட்டினர். மக்களின் பெயர்களையும் தோம்புகளிற் பதிந்தனர். சீர்திருத்தத் திருச்சபையின் ஞானஸ்நானம் பதவிக்கும், திருமணப் பதிவுக்கும், அதன்வழிச் சொத்துரிமைக்கும் வாயிலாயிற்று. பலர் பெற்றனர்; ஒல்லாந்தர் ஆட்சி அகன்றதும் அவர்களுட் பெரும்பாலோர் வெளிப்படையாகவே சைவத்துக்கு மீண்டனர். உள்ளத்தைத் தொடாத நீர் விரைவில் உலர்ந்தது.

இதே காலத்திற் கத்தோலிக்க ஞானஸ்நானம் தந்தது யாது? பதவியன்று, ஆபத்து. 1658ஆம் ஆண்டின் கட்டளை கத்தோலிக்கக் குருமாருக்குப் புகலிடம் அளிப்போருக்கு மரண தண்டனை விதித்தது. கோவையிலிருந்தன்றிக் கோவாவிலிருந்து, 1687இல் எளிய கூலியாள் கோலத்தில் வந்த யோசே வாஸ் அடிகளார் யாழ்ப்பாணத்துச் சில்லாலையிற் கரந்துறைந்து இரவுகளில் மக்களைச் சந்தித்தார். 2015இல் அவர் புனிதராக உயர்த்தப்பட்டார். அவரை மறைத்துக் காத்தவர்கள் பெயரறியாத எளிய மக்களே. பயனுக்காகப் பெற்ற முழுக்கு மறைய, இழப்பை ஏற்றுப் பேணிய முழுக்கு நிலைத்தமை சிந்திக்கத்தக்கது. 1844இல் மார்க்ஸ் சமயத்தைத் துயரின் வெளிப்பாடாகவும் துயருக்கெதிரான மறுப்பாகவும் ஒருங்கே கண்டார். அவரது கூற்றின் இரண்டாம் பாதியை எம்மவர் பலர் மறந்துவிடுகின்றனர்.

எனினும் அம்மறுப்பு முற்றுப்பெறவில்லை. ஒரே நீரிற் பிறந்தோர் கோயிலினுள் சாதிவாரியாகப் பிரிந்திருந்தமை யாழ்ப்பாணத்துக்கும் தமிழகத்துக்கும் பொதுவான வரலாறாகும். திருநெல்வேலிப் பகுதியின் வடக்கன்குளத்தில் இரு சாதியாரைப் பிரித்துக் கோயிலினுள் நின்ற சுவர் 1910இலேயே இடிக்கப்பட்டது. அச்சுவரின் இருபுறத்தாரும் ஞானஸ்நானம் பெற்றவர்களே. பழைய மனிதன் நீரில் இறந்தான். அவனது சாதி இறக்கவில்லை.

ஆகவே ஞானஸ்நானத்தின் ஆன்மிகப் பொருளை வெறும் மயக்கம் என ஒதுக்குதல் பொருந்தாது. சமத்துவம் பற்றிய வாக்குறுதி ஒன்று அதனுள் உண்டு. அவ்வாக்குறுதியே சமூகத்தை அளக்கும் அளவுகோலுமாகும். குழந்தையின் நெற்றியில் நீர் வார்க்கும் கணத்தில் அங்கு கூடிநிற்போர் அனைவரும் ஒரு பொறுப்பை ஏற்கின்றனர். அக்குழந்தை யாருக்கும் தாழ்ந்ததாகவும் யாருக்கும் மேலானதாகவும் வளராதிருக்கும் சமூகத்தை ஆக்குதலே அப்பொறுப்பு. அது நிறைவேறும்வரை முழுக்கு நிகழ்ந்துள்ளது, எழுச்சி எஞ்சியுள்ளது.