பொட்டாஷும் நாலிழை டிஎன்ஏயும்

ஹாலிஎல, பதுளை, பசறைப் பக்கத் தோட்டங்களில் மலைக்குப் போடும் உரத்தில் பொட்டாஷ் இல்லாமல் இராது. கொழுந்தோடு மண்ணைவிட்டுப் போகும் சத்துகளில் நைதரசனுக்கு அடுத்த இடம் பொட்டாஷில் உள்ள பொற்றாசியத்துக்குத்தான். காய்ந்த கொழுந்தின் எடையில் ஏறத்தாழ 2 சதவீதம் அது. பொஸ்பேற் நமக்கு எப்பாவலையில் கிடைக்கிறது. பொட்டாஷோ கப்பலில் வந்தாக வேண்டும். 2021இல் இலங்கையில் இரசாயன உர இறக்குமதிக்குத் தடை வந்தபோது அந்த வழியும் அடைபட்டது.

பொற்றாசியம் குறைந்தால் முதிர்ந்த இலைகளின் ஓரம் கருகும். அது கண்ணுக்குத் தெரிவது. இலைக்குள் நடப்பதை 1952இல் இங்கிலாந்தில் ரிச்சர்ட்ஸ், கோல்மன் இருவரும் பார்லிப் பயிரில் கண்டார்கள். பொற்றாசியம் கிடைக்காத செடிகளில் புட்ரசின் என்ற பொருள் குவிந்திருந்தது. பிறகு வேறு பல பயிர்களிலும் இதுவே தெரிந்தது. ஆர்ஜினின் என்ற அமினோ அமிலத்திலிருந்து செடியே அதைத் தயாரித்துக்கொள்கிறது.

பொற்றாசிய அயனுக்கு ஒரு நேரேற்றம். புட்ரசினுக்கு இரண்டு. அதே குடும்பத்தில் நீளம் கூடிய ஸ்பெர்மிடினுக்கு மூன்று, ஸ்பெர்மினுக்கு நான்கு. பொலியமைன்கள் எனப்படும் இவை கலத்தில் குறைந்துபோன நேரேற்றத்துக்கு ஓரளவு ஈடுகட்டுகின்றன.

இந்த ஈடு டிஎன்ஏக்கும் பெரிய விஷயம். அதன் இழை நெடுகிலும் உள்ள பொஸ்பேற் ஒவ்வொன்றும் மறையேற்றம் கொண்டது. ஆகவே இரண்டு இழைகளும் ஒன்றையொன்று தள்ளும். நேரேற்ற அயன்கள் சூழ்ந்து நின்று அந்தத் தள்ளுதலை அடக்குவதால்தான் இரட்டைச் சுருள் குலையாமல் இருக்கிறது. பொஸ்பேற்றுகள் இன்னும் நெருங்கிவரும் அபூர்வ வடிவங்களுக்கு இந்தத் துணை கூடுதலாகத் தேவை. சில டிஎன்ஏ துண்டுகள் அடர்ந்த உப்புக் கரைசலில் வேறு வடிவுக்கு மாறுவதை 1972இல் போல், ஜோவின் இருவரும் கவனித்தார்கள். அது இடப்பக்கமாகத் திரும்பும் சுருள் என்பதை 1979இல் அலெக்சாண்டர் ரிச் குழுவின் பளிங்கு ஆய்வு காட்டியது. இசட்-டிஎன்ஏ எனப் பெயர் பெற்ற அந்தப் பளிங்கில் மக்னீசியத்தோடு ஸ்பெர்மினும் ஒட்டியிருந்தது.

இதுவரை ஏற்றத்தின் கதை. டிஎன்ஏ நான்கு இழைகளாக அமையும் நாலிழை வடிவத்தில் அயனின் பருமனும் சேர்ந்துகொள்கிறது. டிஎன்ஏயின் எழுத்துகளில் ஒன்றான குவானின் நான்கு சேர்ந்து ஒரே தளத்தில் சதுரமாகக் கைகோக்கும் என்று 1962இல் கெல்லர்ட், லிப்செட், டேவிஸ் மூவரும் காட்டினார்கள். இத்தகைய சதுரங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும்போது நடுவில் ஒட்சிசன் அணுக்கள் குவிந்து ஒன்றையொன்று தள்ளும். மேல் சதுரத்தின் நான்கு, கீழ்ச் சதுரத்தின் நான்கு என எட்டு ஒட்சிசன்களுக்கு நடுவே கச்சிதமாக அமர்வது பொற்றாசிய அயன். சோடியம் அதைவிடச் சிறியது, பிடிப்பும் குறைவு. இலிதியம் இதற்கு அநேகமாக உதவாது. பொலியமைன்கள் இந்தக் குழிக்குள் நுழைவதில்லை. வெளியே பொஸ்பேற்றுகளைப் பற்றியபடி அணைத்து நிற்கும்.

இந்த வடிவம் அமையக்கூடிய இடங்கள் உயிர்களின் டிஎன்ஏயில் நிறைய உண்டு. நிறமூர்த்த முனைகளில் பெரும்பாலான தாவரங்களுக்கு மூன்று தைமின், ஒரு அடினின், மூன்று குவானின் என்ற வரிசை திரும்பத் திரும்ப வருகிறது. மனிதருக்கு இதிலிருந்து ஒரு தைமின் மட்டும் குறைவு. பொற்றாசியத்தால் இறுகிய நாலிழை, இந்த முனையை நீட்டும் டெலோமரேஸ் நொதியைத் தடுக்கிறது என்று 1991இல் ஆய்வுக்கூடத்தில் தெரிந்தது. 2013இல் மனிதக் கலங்களுக்குள்ளேயே நாலிழை டிஎன்ஏயை ஒளிரச் செய்து காட்டியது கேம்பிரிட்ஜில் உள்ள சங்கர் பாலசுப்ரமணியனின் குழு.  புற்றுநோய் மருந்து தேடுவோர் இந்த நாலிழை முடிச்சுகளை இலக்காக வைத்திருப்பதும் இவற்றால்தான்.

செடியிலும் இதே நியதிதான். ஏற்றத்தைப் புட்ரசினால் ஈடுகட்டலாம். பொற்றாசிய அயனின் பருமனை ஈடுகட்ட முடியாது. பைருவேற் கைனேஸ் போன்ற நொதிகளும் பொற்றாசிய அயனின் பருமன் பார்த்தே அதை ஏற்கின்றன. பொட்டாஷ் பிந்தினால் செடி கொஞ்ச காலம் சமாளிக்கும். ஆனால் இலையில் புட்ரசின் கூடியிருப்பது, செடி ஏற்கெனவே கடனில் ஓடுகிறது என்பதற்கான கணக்கு.