நிரம்பியும் மூடாத வால்வு

என் மனைவிக்கு மூன்றாம் முறையாகச் சிறுநீரகத்தில் கல் வந்தபோது, "நாகபுரி வெயில், தண்ணீர் போதவில்லை" என்றே எல்லோரும் சொன்னோம். வாழைத்தண்டுச் சாறு தவறாமல் கொடுத்தேன். அவளோ செம்பு செம்பாகத் தண்ணீர் குடித்துக்கொண்டுதான் இருந்தாள். எலும்பு வலி, மலச்சிக்கல், ஓயாத சோர்வு. "வயதாகிறதல்லவா" என்றேன். இது நடந்தது 2018இல்.

ஒரு டாக்டர் மட்டும் இரத்தத்தில் கால்சியம் பார்க்கச் சொன்னார். 8.5 முதல் 10.5 வரை இருக்கவேண்டியது 14.6 இருந்தது. உடனே அட்மிட் செய்து சலைன் ஏற்றினார்கள்.

கழுத்தில் தைராய்டுக்குப் பின்னால், அரிசிமணியளவில் நான்கு பாராதைராய்டு சுரப்பிகள் உள்ளன. இவற்றை ரிச்சர்ட் ஓவன் முதலில் கண்டது, 1849இல் லண்டன் மிருகக்காட்சிசாலையில் இறந்த இந்தியக் காண்டாமிருகத்தின் உடலில்! மனித உடலில் 1880இல் சுவீடனின் ஐவர் சாண்ட்ஸ்ட்ரோம் கண்டார்.

ரயில் நிலையத் தண்ணீர்த் தொட்டிகளோடு காலம் கழித்த எனக்கு இவற்றின் வேலை எளிதில் புரிந்தது. தண்ணீர் குறைந்தால் மிதவை இறங்கி வால்வு திறக்கும், நிரம்பினால் மூடும். அதுபோல், இரத்தத்தில் கால்சியம் குறைந்தால் சுரப்பி ஹார்மோனை விட்டு எலும்பிலிருந்து எடுக்கும், போதுமானதும் நிறுத்தும். சுரப்பியில் கட்டி வந்தால் வால்வு மூடுவதில்லை. எலும்பு கரைகிறது, சிறுநீரகத்தில் கல் சேர்கிறது.

இக்கட்டிகள் பெரும்பாலும் சாதாரணமானவை. நூற்றில் ஒன்றளவே புற்றுநோய். எங்களுக்கு வாய்த்தது அந்த ஒன்று. கால்சியம் 14ஐத் தாண்டியதும், கட்டி கைக்குத் தட்டுப்பட்டதும் சர்ஜனுக்குச் சந்தேகத்தைத் தந்தன. ஊசி குத்திப் பார்க்கவில்லை; செல்கள் சிதறிவிடக்கூடும். கட்டியை உடைக்காமல், அந்தப் பக்கத்துத் தைராய்டோடு சேர்த்தே எடுத்தார். முதல் ஆபரேஷனைச் சரியாகச் செய்வதுதான் முக்கியம் என்றார். கீமோதெரபி இதில் அதிகம் பயன்படுவதில்லை.

எடுத்த பிறகு கால்சியம் சட்டென்று இறங்கி, விரல்கள் மரத்தன. பட்டினி கிடந்த எலும்புகள் இழுத்துக்கொள்கின்றன என்றார் டாக்டர். மாத்திரைகளால் சரியாயிற்று.

திரும்பி வரக்கூடிய நோய் இது. அப்போதும் உயிருக்கு உலைவைப்பது பெரும்பாலும் கட்டியைவிடக் கால்சியம்தான். ஆகவே ஆறு மாதத்துக்கு ஒருமுறை இரத்தப் பரிசோதனை. ரிப்போர்ட் வரும் நாளில் இன்றும் என் கை நடுங்கும். அவளே வாங்கிப் பிரிப்பாள். சென்ற முறை 9.4.

சங்க அன்பர்களே, கல் மீண்டும் மீண்டும் வந்தால், வெயிலைக் குறைசொல்லுமுன் கால்சியம் எவ்வளவு என்று டாக்டரிடம் கேளுங்கள். நான் இரண்டு கல்லுக்கு முன்பே கேட்டிருக்க வேண்டும்.