கழுத்து முறிந்த ஸ்பீக்கரை எறியாதீர்கள்

‘கெட்டுப்போச்சு’ என்று அலுமாரிக்கு மேலே ஏற்றிவைக்கப்படும் சின்ன ஸ்பீக்கர்கள் பலவற்றுக்குக் குரலில் ஒரு குறையும் இருப்பதில்லை. முறிந்திருப்பது கழுத்துத்தான், அதாவது பெட்டியைத் தாங்கியோடு இணைத்து, இடம் வலமாகவும் மேல் கீழாகவும் திருப்பவிடும் பிளாஸ்டிக் மூட்டு. ஒரு போல்ட், இரண்டு வொஷர், ஒரு நட் இருந்தால் அதைச் சரிக்கட்டிவிடலாம். அந்த மூட்டு மட்டும் தனியாகக் கடையில் கிடைப்பது அபூர்வம் என்பதால், நல்ல ஸ்பீக்கரும் குப்பைக்குப் போகிறது.

திருகோணமலை மாவட்டத்துக் கிண்ணியாவின் குறிஞ்சாக்கேணி போன்ற ஊர்களில் இந்த நட்டம் இன்னும் உறைக்கும். சுற்றிலும் கடலும் களப்பும். 2009 ஒக்டோபரில் கிண்ணியாப் பாலம் திறக்கப்படும்வரை திருகோணமலை நகருக்குப் போவதென்றால் ‘பாதை’ எனப்படும் மிதவைப் படகில் ஏறித்தான் துறையைக் கடக்க வேண்டியிருந்தது. குறிஞ்சாக்கேணியில் புதிய பாலத்துக்கு வேலை நடந்துகொண்டிருந்தபோது, 2021 நவம்பர் 23ஆம் திகதி அங்கே ஓடிய இழுவைப் படகு கவிழ்ந்து பாடசாலைப் பிள்ளைகள் உட்படப் பலர் உயிரிழந்தார்கள். அவசரமில்லாத ஒரு சாமானைத் தூக்கிக்கொண்டு அந்தத் தண்ணீரைக் கடக்க யாருக்கு மனம் வந்திருக்கும்? அடுத்த வருடம் டொலர் 200 ரூபா அளவிலிருந்து 360 ரூபா அளவுக்கு ஏறியது. இறக்குமதிக் கட்டுப்பாடுகளும் வந்தன. கையில் இருப்பதை வீட்டிலேயே திருத்தத் தெரிந்தவர்கள் அந்தக் காலத்தைக் கொஞ்சம் லேசாகக் கடந்தார்கள்.

திருப்பாவிட்டால் என்ன?

மூட்டு அழகுக்காக வைத்தது என்று நினைப்பவர்கள் உண்டு. ஒலியின் கணக்கைப் பார்த்தால் அப்படியில்லை. 100 ஹெர்ட்ஸ் அடித்தொனியின் அலைநீளம் ஏறத்தாழ 3.4 மீற்றர், அது அறை முழுக்கப் பரவும், பெட்டி எந்தப் பக்கம் பார்த்தாலும் கேட்கும். 10,000 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளமோ வெறும் 3.4 சென்ரிமீற்றர். சின்ன ஸ்பீக்கரின் கூம்பு அதைவிட அகலம் என்பதால், அந்த ஒலி முன்னே நேராகத்தான் போகும். பேச்சின் தெளிவு பெரும்பாலும் மேல்தொனிகளில் இருக்கிறது. கிராஅத் எனப்படும் குர்ஆன் ஓதலைக் கேட்கும்போது ஸீன், ஸா என்ற அரபு எழுத்துகளின் ஒலிகளைப் பிரித்துக் காட்டுவதும் இவைதான். ஸ்பீக்கர் தலை தொங்கி மேசையைப் பார்த்தால் இவையெல்லாம் மேசையோடு போய்விடும். பிறகு ‘சத்தம் இருக்கு, தெளிவில்லை’ என்று ஸ்பீக்கரைக் குறை சொல்வோம்.

பசை ஏன் தோற்கிறது

மூட்டு பெரும்பாலும் உருண்டை பொருந்தும் கிண்ணமாக இருக்கும். உருண்டைக்குக் கீழே மெல்லிய கழுத்து. வயர் போவதற்காக அதன் உள்ளேயும் துளை. ஒரு கிலோ பெட்டியின் பாரம் முழுவதும், கழுத்து அடித்தட்டோடு சேரும் அந்தக் கூரான மூலையில்தான் விழுகிறது. பிளாஸ்டிக் நீண்ட காலம் பாரம் தாங்கினால் மெல்ல மெல்ல நெளியும். வெப்பத்தில் இன்னும் சீக்கிரம். மூட்டை இறுக்கும் வளையத்தைத் தளர்த்தாமல் ஒருநாள் பெட்டியைத் திருப்பினால் ‘டக்’ என்று போய்விடும்.

உடனே கை போவது சூப்பர் குளூவுக்கு. அது காய்ந்தால் கண்ணாடி மாதிரி விறைத்துவிடும். நேராக இழுத்தால் தாங்கும். ஒரு ஓரத்திலிருந்து நெம்பினால் விட்டுவிடும். இந்த மூட்டில் நடப்பது நெம்பல்தான். பிளாஸ்டிக்கின் உட்புறத்தில் ஏபிஎஸ், பிபி என்று ஆங்கில எழுத்துகள் பொறித்திருக்கிறதா என்றும் பாருங்கள். பிபி என்றால் பொலிபுரொப்பிலின். சாதாரணப் பசை எதுவும் அதில் பிடிக்காது. ஏபிஎஸ் என்றால் எபொக்சி நன்றாகப் பிடிக்கும்.

போல்ட் வைத்தியம்

முதலில் ஓர் எச்சரிக்கை. மின்சாரம் நேரடியாக உள்ளே போகும் ஸ்பீக்கரைத் திறக்க வேண்டாம். பிளக்கைக் கழற்றிய பிறகும் அதன் கெப்பாசிற்றரில் மின்னேற்றம் நிற்கலாம். கீழே சொல்வது, அம்பிளிஃபயரிலிருந்து இரண்டு வயர் மட்டும் வரும் ஸ்பீக்கருக்கு.

வயர்களில் எது பிளஸ், எது மைனஸ் என்று அடையாளமிட்டுக் கழற்றுங்கள். சோடி ஸ்பீக்கர்களில் ஒன்றில் மட்டும் மாற்றிப் பூட்டினால் அடித்தொனி மெலிந்துவிடும். பெட்டியைத் திறந்து, கூம்பையும் காந்தத்தையும் துணியால் மூடுங்கள். இரும்புத்தூள் காந்தத்தில் ஒட்டினால் பிறகு கரகரக்கும். முறிந்த இரண்டு துண்டுகளையும் பொருத்திப் பிடித்து, நடுத்துளை வழியே 4 மில்லிமீற்றர் போல்ட் போகுமா என்று பாருங்கள். போகாவிட்டால் மெதுவாகத் துளையிடுங்கள். வேகமாகச் சுற்றினால் பிளாஸ்டிக் உருகிக் குழைந்துவிடும்.

முறிந்த முகங்களை உப்புத்தாளால் சுரண்டி, எபொக்சியின் இரண்டு குழாய்களிலிருந்தும் சம அளவு எடுத்துக் குழைத்துப் பூசி, போல்ட்டைச் செருகி, இரு புறமும் அகலமான வொஷர் வைத்து இறுக்குங்கள். ஐந்து நிமிடத்தில் இறுகும் வகையைவிட ஒரு நாள் எடுக்கும் வகை வலுவானது. நைலொன் வளையம் உள்ள நட் அதிர்வில் கழலாது. உப்புக்காற்று அடிக்கும் ஊரில் போல்ட், நட் எல்லாம் துருப்பிடிக்காத எவர்சில்வரில் இருக்கட்டும். வயரை இனி வெளியே கொண்டுவர வேண்டிவரும். அதற்கு இட்ட துளையைச் சிலிக்கனால் அடைத்துவிடுங்கள். காற்று ஒழுகும் பெட்டி சீறும், அடித்தொனியும் குறையும்.

உருண்டையே நொறுங்கிவிட்டதென்றால் அதைக் காப்பாற்ற முயல வேண்டாம். சில ஸ்பீக்கர்களின் முதுகில் கமரா ஸ்டாண்டுக்கு உரிய கால் அங்குலத் திருகுத் துளை இருக்கும். போன் கடையில் விற்கும் சின்ன ஸ்டாண்டின் தலையை அதில் பூட்டலாம். ஆனால் அந்தத் தலை உலோகத்தில் இருக்க வேண்டும். அந்தத் துளையும் இல்லையா? மேசையில் வைப்பவர்களுக்கு ஒரு மர ஆப்பு போதும். சுவரில் மாட்டுபவர்கள், பிடி விட்டாலும் பிள்ளைகளின் தலையில் விழாதபடி தனியாக ஒரு கம்பி கட்டிவிடுங்கள்.

கடைக்காரரிடம் கேட்க வேண்டியது

போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது, பற்றரியும் மின்சாரமும் இல்லாத யாழ்ப்பாணத்தில் சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட சனம் நாங்கள். எங்களுக்கு ஒரு பிளாஸ்டிக் கழுத்து பெரிய காரியமில்லை. ஆனால் பழுதைச் சமாளிக்கும் கெட்டித்தனம் தயாரிப்பாளரின் பொறுப்பைக் குறைத்துவிடாது. 2022இல் உலகம் எறிந்த மின்னணுக் கழிவு 6 கோடியே 20 இலட்சம் தொன் என்கிறது ஐ.நா. அறிக்கை, அதில் முறையாகச் சேகரித்து மீள்சுழற்சிக்குப் போனதாகப் பதிவானது 22.3 சதவீதம். ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் பழுதுபார்க்கும் உரிமைக்குச் சட்டம் கொண்டுவந்தது. சலவை இயந்திரமும் கைப்பேசியும் அதன் பட்டியலில் இருக்கின்றன, ஸ்பீக்கர் இல்லை.

சட்டம் வரும்வரை வாங்குபவர்தான் கேட்க வேண்டும். அடுத்த முறை ஸ்பீக்கர் வாங்கும்போது விலையோடு இன்னும் இரண்டு கேள்வி கேளுங்கள்: மூட்டு தனியாகக் கிடைக்குமா? அதைத் திருகாணியால் கழற்றிப் பூட்டலாமா? இரண்டுக்கும் ‘இல்லை’ என்றால் வேறு ஸ்பீக்கரைப் பாருங்கள்.