முப்பது வருஷம் கழித்து ஓடுமா?

கார் பந்தயத்துக்கும் ஓய்வு பெற்ற ரயில்வே இன்ஜினீயருக்கும் என்ன சம்பந்தம் என்று வாசகர்கள் கேட்கலாம். எல்லாம் என் பேரனால் வந்தது. 2022 ஜூலையில் சில்வர்ஸ்டோனில் செபாஸ்டியன் வெட்டல் தமக்குச் சொந்தமான 1992-ஆம் வருஷத்து வில்லியம்ஸ் எஃப்.டபிள்யூ.14பி காரை ஓட்டிக் காட்டினார். அந்த வீடியோவைப் பார்த்துவிட்டு, "தாத்தா, இப்போதைய கார்களும் முப்பது வருஷம் கழித்து இப்படி ஓடுமா?" என்றான். "ஏன் ஓடாது?" என்று சொல்லிவிட்டேன். யோசித்துப் பார்த்தபோதுதான் அவசரப்பட்டது தெரிந்தது.

மேல்நாடுகளில் பழைய பந்தயக் கார்களுக்கென்றே போட்டிகள் நடக்கின்றன. 1967-ல் வந்த காஸ்வொர்த் டி.எஃப்.வி. என்ஜினை எடுத்துக்கொள்ளுங்கள். 3 லிட்டர், 8 சிலிண்டர். 155 கிராண்ட் பிரீ பந்தயங்களில் வென்றது. இன்றும் அந்தப் போட்டிகளில் ஓடுகிறது. தேய்ந்த பாகத்தை அளந்து, அதே போல் வார்த்துக் கடைந்து போட்டுவிடலாம் என்பதே காரணம். 1855-ல் லீட்ஸில் செய்யப்பட்ட நம் 'ஃபேரி குயின்' நீராவி என்ஜின் 1997-ல் டில்லியிலிருந்து ஆல்வாருக்கு ஓடியதும் இதே ரகம்தான்.

1992 வில்லியம்ஸ் அப்படியல்ல. அதில் சாதாரண ஸ்பிரிங் செய்யும் வேலையை ஹைட்ராலிக் கருவிகள் செய்கின்றன. அவற்றுக்கு உத்தரவு போடுவது கம்ப்யூட்டர். அந்தப் புரோகிராம் தொலைந்தால் கார் முழுசாக நிற்கும், ஆனால் ஓடாது. மெக்லாரன் எஃப்-1 கதை இன்னும் வேடிக்கை. இதன் பந்தய வடிவம் 1995-ல் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் ஜெயித்தது. மொத்தம் 106 கார்கள்தான் செய்தார்கள். அவற்றைப் பராமரிக்க 1990-களின் காம்பாக் லாப்டாப் ஒன்று வேண்டியிருந்தது. அதில்தான் அதற்கான தனிக் கார்டு பொருந்தியது. இருபது வருஷத்துக்குப் பிறகும், கோடிக்கணக்கில் விலை போகும் காருக்காக அந்தப் பழைய பெட்டியைப் பாதுகாத்து வந்தார்கள்.

2014-க்குப் பின் வந்த ஃபார்முலா ஒன் கார்கள் இன்னும் சிக்கல். 1.6 லிட்டர் டர்போ என்ஜினோடு மின் மோட்டாரும் லித்தியம் பாட்டரியும் சேர்ந்தவை. பாட்டரி சும்மா வைத்திருந்தாலும் கெடும். என்ஜினைக் கிளப்புமுன் வெந்நீரும் சூடான எண்ணெயும் செலுத்திப் பதப்படுத்த வேண்டும். உடம்பு கார்பன் ஃபைபர். உள்ளே விட்டிருக்கும் விரிசல் கண்ணுக்குத் தெரியாது. இதற்கு மட்டும் எங்கள் தொழிலில் வழி உண்டு. தண்டவாளத்தைச் சோதிப்பது போல் அல்ட்ராசானிக் கருவியால் பார்க்கலாம்.

நான் வேலை பார்த்த ஷெட்டில் ஒரு மின்சார என்ஜின் ஒரே ஒரு எலெக்ட்ரானிக் கார்டுக்காக வாரக்கணக்கில் நின்றது. அந்தக் கார்டைச் செய்வதையே நிறுத்திவிட்டார்கள். கடைசியில் கைகொடுத்தது எங்கள் சீனியர் டெக்னீஷியனின் நோட்டுப் புத்தகம். என்ஜின் நன்றாக ஓடிய நாளில் ஒவ்வொரு முனையிலும் எத்தனை வோல்ட் என்று குறித்து வைத்திருந்தார். அதைப் பார்த்து மாற்று சர்க்யூட் கட்டினோம், வண்டி கிளம்பியது.

பந்தயக் கார்களுக்கும் இதுதான் வழி. பழைய பாட்டரிக்குப் பதில் புதியது, பழைய கம்ப்யூட்டருக்குப் பதில் வேறொன்று என்று பொருத்திவிடலாம். ஆனால் அது என்ன உத்தரவு, எப்போது போட்டது என்று தெரிந்தால்தான் முடியும். போட்டி நிறுவனத்துக்குத் தெரியக்கூடாது என்று மறைத்து வைத்த புரோகிராமும் வரைபடமும், சீசன் முடிந்ததும் அழியாமல் எங்காவது காப்பாற்றப்பட வேண்டும். செய்தவர்கள் உயிரோடு இருக்கும்போதே கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்.

இதைச் சொல்லும் நான் என்ன செய்தேன்? குவார்ட்டர்ஸ் காலி செய்தபோது, முப்பது வருஷ நோட்டுப் புத்தகங்களை இடமில்லை என்று கபாடிவாலாவிடம் எடைக்குப் போட்டேன். பேரனிடம் இதையும் சொன்னேன். "ஞாபகம் இருப்பதைச் சொல்லுங்கள் தாத்தா, நான் எழுதுகிறேன்" என்றான். ஞாயிற்றுக்கிழமைகளில் உட்காருகிறோம். இதுவரை பதினாறு பக்கம் ஆகியிருக்கிறது.