மணலில் ஒரு வட்டம்

கரைவலைக் கயிற்றைக் கையால் இழுத்த தலைமுறையைத் திருகோணமலைக் கரைகளில் பார்த்தவர்களுக்கு அந்தத் தோள்கள் மறந்திருக்காது. இரண்டு பக்கமும் வரிசையாக நின்று, குதிகாலை மணலுக்குள் புதைத்து, குரலுக்குக் குரல் கொடுத்தபடி பின்னோக்கி நடப்பார்கள். வலையின் மடி கரையேறி மீன் பிரித்த பிறகும் இளந்தாரிகளின் உடம்பில் முறுக்கு மிஞ்சியிருக்கும். வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி கணக்குப் பார்க்கிற நேரத்தில் இரண்டு பேர் கட்டிப் பிடித்து மணலில் உருளுவார்கள். முதுகில் மண் ஒட்டியவன் தோற்றான். நடுவர் இல்லை, நேரம் இல்லை, எடை பார்ப்பதும் இல்லை. சுற்றி நிற்பவர்களின் கூச்சல்தான் தீர்ப்பு.

பின்னாளில் பல கரைவலைப் பாடுகளில் உழவு இயந்திரத்தில் பூட்டிய வின்ச் அந்தக் கயிற்றைச் சுற்றத் தொடங்கியது. அதனால் மீன்வளத்துக்கு என்ன ஆனது என்பது தனி வழக்கு. ஆனால் தொழில் சும்மா கொடுத்த உடல்பலம் இனிக் கிடைக்காது. அதைத் தேடிப் போய்த்தான் பழக வேண்டும். மணல் மல்யுத்தத்தைப் பற்றி நான் எழுத நினைத்ததற்கு இதுவே காரணம்.

பிடித்து வீழ்த்துகிற போர் நமக்குப் புதிதல்ல. முக்காவனாட்டு ஆமூர் மல்லனைச் சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி வீழ்த்தியதைப் புறநானூற்றில் சாத்தந்தையார் பாடியிருக்கிறார். ஒரு கால் எதிரியின் மார்பில் ஊன்றியிருக்க, மறுகால் அவனுடைய தந்திரத்தைத் தடுத்து நின்றதாக, அருகில் இருந்து பார்த்தவர் போலவே சொல்கிறார். தோற்றவன் எழுந்து வீடு போனதாக அந்தப் பாட்டில் இல்லை. ஏழாம் நூற்றாண்டின் பல்லவ மன்னன் முதலாம் நரசிம்மவர்மன் மாமல்லன் என்ற பட்டத்தையே விரும்பிச் சூடினான். மாமல்லபுரம் அந்தப் பெயரில்தான் நிற்கிறது. பின்னாளில் குஸ்தியும் கோதாவும் பயில்வான்களும் வந்தார்கள். கோதா என்கிற மல்யுத்தக் குழியின் மண்ணில் எண்ணெயும் மஞ்சளும் மோரும் கலந்து பதப்படுத்துவார்கள். கர்லாக்கட்டை சுழற்றி, தண்டால் எடுத்து, குருவான உஸ்தாத்தின் காலைத் தொட்டுக் கும்பிட்ட பிறகே உள்ளே இறங்கலாம். 1950களில் தாரா சிங், கிங் காங் என்ற மல்லர்களின் பெயர்களுக்குக் கொழும்பிலும் கூட்டம் கூடியது. ஆனால் அது சீட்டு வாங்கிப் பார்க்கிற வேடிக்கை. பார்த்தவன் வீட்டுக்குப் போனான், மல்லனாகவில்லை.

இப்போதைய மணல் மல்யுத்தம் வேறு பிறவி. 2006இல் துருக்கியின் அன்டாலியாவில் அதற்கு உலகப் போட்டி நடந்தது. 2019இல் தோஹாவில் நடந்த உலகக் கடற்கரை விளையாட்டு விழாவிலும் இடம் பிடித்தது. செனகலின் டக்காரில் 2026ஆம் ஆண்டுக்கான இளையோர் ஒலிம்பிக்கில் மல்யுத்தம் என்றாலே மணல் மல்யுத்தம்தான். மணலில் மல்லுக்கட்டுவதை ஊர்த் திருவிழாவாகவே வைத்திருக்கிற நாடு அது.

விதிகளைக் கேட்டால் எங்கள் கரைக்கென்றே எழுதியது போலிருக்கும். ஏழு மீற்றர் விட்டமுள்ள வட்டம். மூன்று நிமிடம். வெறுங்கால். எதிரியை வட்டத்துக்கு வெளியே தள்ளினால் ஒரு புள்ளி, நிற்கிறவரைக் கீழே விழுத்தினால் ஒரு புள்ளி, நின்ற நிலையிலிருந்து முதுகு படும்படி எறிந்தால் மூன்று. முதலில் மூன்று எடுத்தவர் வென்றார். கீழே விழுந்தபின் புரட்டிக்கொண்டு கிடக்கிற வேலை இல்லை; எழுந்து மறுபடி தொடங்க வேண்டும். ஆண்களுக்கு 70, 80, 90 கிலோ, அதற்கு மேல் ஒன்று. பெண்களுக்கு 50, 60, 70, அதற்கு மேல் ஒன்று. இந்த எடைக் கணக்கை நான் மனதார வரவேற்கிறேன். பழைய கரையில் பெருத்த உடம்புக்காரன்தான் எப்போதும் வென்றான். ஐம்பது கிலோப் பிள்ளை வேடிக்கை பார்த்தாள். இன்று அவளுக்கும் வட்டத்துக்குள் இடம் இருக்கிறது.

மணல் வஞ்சகம் இல்லாத தரை, ஆனால் பழகக் கடினமான தரை. மெத்தையில் சரேலென்று பாய்ந்து காலைப் பிடிக்கிறவன் இங்கே பாதி வேகத்தை இழப்பான். கால் புதையும், கெண்டைக்கால் எரியும். இடுப்பைத் தாழ்த்தி, எதிரியின் பாரத்தை உணர்ந்து, அவன் கால் மாற்றுகிற நொடியில் தள்ளத் தெரிந்தவனுக்கே இந்தத் தரை வசப்படும். கயிறிழுத்த பாட்டன்மாருக்கு இது தெரிந்திருந்தது.

இடையில் எங்கள் கரைகளுக்கு என்ன நடந்தது என்பதையும் சொல்லாமல் விட முடியாது. உள்நாட்டுப் போர்க் காலத்தில் இரவில் கடலுக்குப் போகத் தடை, கரையில் காவலரண், முள்ளுக்கம்பி. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை கிண்ணியாவையும் மூதூரையும் நிலாவெளியையும் அடித்துக்கொண்டு போனது. 2006இல் சண்டைக்கு அஞ்சிச் சம்பூர் மக்கள் ஊரைவிட்டே ஓடினார்கள். திரும்பி வரப் பல வருடம் ஆயிற்று. மணலில் உருண்டு விளையாடுவதற்கு முதலில் மணல் பயமில்லாததாக இருக்க வேண்டும். ஒரு தலைமுறைக்கு அது கிடைக்கவில்லை. அதனால்தான் 2024 ஜனவரியில் அதே சம்பூரில் ஜல்லிக்கட்டு நடந்ததும், அந்தப் பொங்கல் நாட்களில் படகோட்டமும் சிலம்பமும் கடற்கரைக் கபடியும் சேர்ந்து நடந்ததும் எனக்குப் பெரிய செய்தியாகப் பட்டது. கபடி ஆடுகிற பெடியனுக்கு மூச்சு, பிடி, கோட்டுக் கணக்கு எல்லாம் ஏற்கெனவே பழக்கம். வட்டத்துக்குள் இறங்க அவனுக்கு அதிக தூரமில்லை.

இலங்கையில் மல்யுத்தம் பெரும்பாலும் முப்படை அணிகளின் கையில் இருக்கிறது. பாடசாலைப் போட்டிகள் உண்டு என்றாலும், மெத்தைக்கு ஆகும் செலவை நினைத்தே பல கிராமப் பாடசாலைகள் ஒதுங்கிவிடும். மணலுக்கு அந்தச் சாக்கு இல்லை. மூன்றரை மீற்றர்க் கயிறும் ஒரு தடியும் இருந்தால் வட்டம் தயார். ஆனால் கண்ணாடித் துண்டும் தூண்டில் முள்ளும் பொறுக்கி, ஒரு முழ ஆழத்துக்குக் கிளறி, சலித்த பிறகே பிள்ளைகளை இறக்க வேண்டும். தொடக்க வாரங்களில் விழப் பழக வேண்டும்: நாடியை நெஞ்சோடு சேர்த்து, கையை ஊன்றாமல், தோளில் உருண்டு விழ. கழுத்தைப் பிடித்து முறுக்குவதையும் விரலை வளைப்பதையும் முதல் நாளே தடுத்துவிட வேண்டும். முறையாகப் படித்த பயிற்றுநர் ஒருவர் பக்கத்தில் நிற்காமல் எறிகிற பிடிகளைத் தொடவே கூடாது.

உப்புவெளியிலும் நிலாவெளியிலும் விடுதிகள் கரையை நெருக்கிக்கொண்டு வருகின்றன. திருகோணமலை நகரத்து டச்சுக்குடா மணலில் ஒரு மூலையையாவது பிரதேச சபையோ மாநகர சபையோ இளைஞர் கழகங்களுக்கு ஒதுக்கிக் கொடுக்கலாம். சித்திரையிலிருந்து புரட்டாசி வரை கடல் அடங்கியிருக்கும். மாரி தொடங்கினால் அலை கரையை அரிக்கும், பயிற்சி நிற்கும். கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் பத்து மணிக்கே மணல் காலைச் சுட்டுவிடும். ஆகவே விடிகாலை ஐந்தரைக்கு வந்து, வெயில் ஏறுமுன் முடித்துக்கொண்டு பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகலாம்.